ஓலையும் உள்ளமும்

மார்க்கம் கற்பிக்கும் ஒருவரிடம் மக்கள் மார்க்கத்தை மட்டும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு மதரஸாவின் வாசலுக்கு வந்தால், அங்கு நிற்கும் தாய்மார் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க சிறுதொழில் எது, செய்ததை எவ்வாறு விற்பது என்பது ஒன்று. வீட்டில் ஒருவர் மனம் ஒடிந்து கிடக்கிறார், ஓதிப் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைக் கடைவீதியில் கேட்க வேண்டும் என்றும், பின்னதற்குத் துஆவும் பொறுமையுமே விடை என்றும் நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இவ்விரண்டு கேள்விகளும் நமது இல்லத்திலேயே ஒன்றாக வந்து நின்றபோதுதான், நாம் அறிந்தது எவ்வளவு சிறிது என்பது விளங்கிற்று. இதை எழுதுவதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை. படிப்போருள் ஒரு குடும்பத்துக்கேனும் பயன்படலாம் என்பதற்காகவே எழுதுகிறோம்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்களே மிகுதி. கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் மிளகாயும் மழையை நம்பி விதைக்கப்படுகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர் பலர். நகருக்குள் தறியும் நூற்பாலையும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. இவற்றுக்கிடையே எவரும் நீர் ஊற்றாமல், எவரும் உரமிடாமல் வளர்ந்து நிற்பது பனை. அதன் ஓலைதான் இக்கட்டுரைக்குப் பொருள்.

நமது இளைய சகோதரி கணவரை இளமையிலேயே இழந்தவர். ஒரே மகனை வளர்த்து ஆளாக்கினார். அந்தப் பிள்ளைக்கு இருபத்து மூன்று வயதானபோது, மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நாற்கரச் சாலையில் ஒரு விபத்தில் மௌத்தானான். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாத் தொழுகையை நாமே நடத்தினோம். மூன்று நாட்கள் அண்டை வீட்டாரும் உறவினரும் சோறு கொண்டுவந்தனர். அதன்பின் அவரவர் வேலையைப் பார்க்கச் சென்றனர். அது உலக வழக்கம். அதில் குற்றம் காண்பதற்கில்லை.

சகோதரியை நமது வீட்டுக்கு அழைத்துக்கொண்டோம். அவர் அழுதபோதெல்லாம் "ஸபுர் செய்யம்மா" என்றோம். மகனின் பெயரைச் சொல்லத் தொடங்கினால், "அல்லாஹ் கொடுத்தான், அல்லாஹ் எடுத்துக்கொண்டான், ஸபுர் செய்" என்றோம். சில வாரங்களில் அவர் அழுவதை நிறுத்தினார். நாம் மகிழ்ந்தோம். பின்னர் பேசுவதையும் நிறுத்தினார். உண்பதும் உறங்குவதும் குறைந்தன. தொழுகைப் பாயில் அமர்ந்தால் எழுந்திருக்க மறந்து மணிக்கணக்கில் அமர்ந்திருப்பார். கைகள் மட்டும் ஓயவில்லை. சேலை முந்தானையின் ஓரத்திலிருந்து நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டேயிருப்பார். மாலையில் கூட்டிப் பெருக்கும்போது அவர் அமர்ந்த இடத்தில் ஒரு கைப்பிடி நூல் கிடக்கும்.

இங்கே நமது குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸப்ர் என்னும் அரபுச் சொல்லுக்கு மூலப்பொருள் அடக்கி நிறுத்துதல் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுப்பவர் நாம். எதை அடக்குவது என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறோம். மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொண்டதாகத் திருமறை கூறுகிறது. அதே அத்தியாயம், அவர்கள் துயரத்தால் கண்கள் வெளுத்துப் போகும் அளவுக்கு வருந்தியதையும் கூறுகிறது. அழகிய பொறுமையும் கண் வெளுத்த துயரமும் ஒரே நபியிடத்தில் இருந்தன. நமது எம்பெருமானார் (ஸல்) அவர்கள் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்தார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு துயர ஆண்டு என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. இவற்றையெல்லாம் அறிந்திருந்தும், ஒரு தாயின் வாயை அடைப்பதற்கு நாம் ஸப்ரைப் பயன்படுத்தினோம்.

உறவினர் பலரும் பலவாறு யோசனை சொன்னார்கள். தர்கா ஒன்றில் கொண்டுபோய்ச் சில மாதம் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். இரவில் எழுந்து வெளியே சென்றுவிட்டால் என்ன செய்வது, காலில் ஒரு கயிறாவது கட்டி வையுங்கள் என்றார் இன்னொருவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அச்சத்தில் சொன்னார். நமக்கோ 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் நினைவுக்கு வந்தது. நமக்கு அடுத்துள்ள இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கு கொண்டுவந்து விட்டவர்களும் தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும்தாம். இன்று 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளர் எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை செய்துள்ளது. அறிவுக்கு அரபியில் வழங்கும் 'அக்ல்' என்னும் சொல், ஒட்டகத்தின் காலைக் கட்டும் 'இகால்' என்னும் கயிற்றோடு ஒரே வேரில் பிறந்தது. அக்கயிறு அவிழ்ந்துபோன மனிதரின் காலில் வேறொரு கயிற்றைக் கட்டுவது மருத்துவமாகாது.

அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் மருந்து கொடுத்தார். "இது வெட்கப்பட வேண்டிய நோயன்று, நீரிழிவைப் போல இதற்கும் மருந்து உண்டு" என்றார். மருந்தால் உறக்கம் திரும்பிற்று. உணவு சற்றுச் செல்லத் தொடங்கிற்று. ஆனால் பேச்சு திரும்பவில்லை. கை நூல் உருவுவதையும் விடவில்லை.

வாரந்தோறும் கருப்பட்டி கொண்டுவந்து விற்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. திருச்சுழிக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து பேருந்தில் வருவார். நமது அன்னையின் காலத்திலிருந்தே பழக்கம். ஒரு நாள் திண்ணையில் கருப்பட்டியை நிறுத்துக்கொண்டிருந்தவர், உள்ளே சகோதரியின் கைகளைப் பார்த்தபடி அமர்ந்துவிட்டார். பின்பு நம்மிடம், "அசரத்து, தங்கச்சி கை அலையுது. கைக்கு ஒரு வேலை குடுங்க. மனசு மெதுவாப் பின்னால வரும்" என்றார். அடுத்த வாரம் வரும்போது ஒரு கட்டு ஓலை கொண்டுவந்தார். எதுவும் கேட்காமல் சகோதரியின் எதிரே காலை நீட்டி அமர்ந்து, ஒரு பெட்டியின் அடியை முடையத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, அதைச் சகோதரியின் மடியில் வைத்துவிட்டு, "இந்த மூலையைப் பிடிச்சுக்கோ தாயி, நான் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்துபோனார். திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. வேண்டுமென்றேதான் அவ்வாறு செய்தார் என்பது பின்னரே புரிந்தது. அவர் வந்து பார்த்தபோது சகோதரி இரண்டு வரிசை முடைந்திருந்தார். இரண்டும் கோணல். ஆனால் அன்று முந்தானை நூல் தப்பிற்று.

பனையோலை வேலையைப் பற்றி அறியாதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். குருத்தோலையை வெட்டி விரித்து உலர்த்துவார்கள். ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்வார்கள். முடைவதற்கு முன் நீரில் நனைத்துப் பதப்படுத்துவார்கள். காய்ந்த ஓலை ஒடியும். நனைந்த ஓலை வளையும். அதிகம் ஊறினாலோ கறுத்து நலிந்துபோகும். ஓர் ஓலை மேலேயும் அடுத்தது கீழேயுமாகக் கண் பார்த்துக் கை செல்ல வேண்டும். ஓரிடத்தில் பிழைத்தால் நான்கு வரிசை கடந்த பின்னரே பிழை தெரியும். அப்போது சினமின்றிப் பிரித்து மீண்டும் முடைய வேண்டும். பிரித்தாலும் ஓலை கெட்டுவிடுவதில்லை என்பது இவ்வேலையின் சிறப்பு. கிழித்தெறிந்த காகிதத்தைப் போலன்றி, பிழையைத் திருத்திக்கொள்ள அது இடம் கொடுக்கிறது.

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் மிகவும் மகிழ்ந்தார். மருந்தை நிறுத்த வேண்டாம், ஓலையையும் நிறுத்த வேண்டாம், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்றார். மேலை நாடுகளில் இதைக் கலைவழிச் சிகிச்சை என்பார்களாம். ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர் காசநோயால் மருத்துவமனையில் கிடந்தபோது படம் வரைந்து தம் உள்ளத்தைத் தேற்றிக்கொண்டார். உடனிருந்த நோயாளரையும் வரையச் செய்தார். 1942 ஆம் ஆண்டில் அவரே இப்பெயரை வழங்கியதாக மருத்துவ வரலாறு கூறுகிறது.

பெயர் புதிது, பொருள் நம் முன்னோருக்குப் புதிதன்று. பல்கு நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர் கி.பி. 934 இல் மறைந்தவர். உடலுக்கும் உள்ளத்துக்குமான நலன்களைப் பற்றி அரபியில் ஒரே நூலாக எழுதினார். உடல் நோயுறுவது போல உள்ளமும் நோயுறும் என்றும், ஒன்றின் நோய் மற்றொன்றைத் தாக்கும் என்றும் அதில் விளக்கினார். துயரத்தைக் காரணம் தெரிந்தது, காரணம் தெரியாதது என இருவகையாகப் பிரித்து, இரண்டாவது வகை உடலிலிருந்து எழுவதால் அதற்கு உடல் மருத்துவமும் தேவை என்றார். துருக்கியிலுள்ள எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488 இல் கட்டிய மருத்துவமனையில், மனநோயாளருக்கு இன்னிசையும் நீரூற்றின் ஓசையும் மலர்களின் மணமும் மருந்தாயின. அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. இத்தகைய மரபைச் சேர்ந்த நாம், மனநோயாளரைக் கண்டால் கயிறு தேடுகிறோம் என்பது வருந்தத்தக்கது.

ஆறு திங்களில் வீட்டின் பரணில் பெட்டிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. சகோதரி இரண்டொரு சொல் பேசத் தொடங்கியிருந்தார். "ஓலை தீர்ந்துபோச்சு அண்ணே" என்று ஒருநாள் அவர் சொன்னபோது, நமது மனைவியார் அடுப்படியில் நின்று அழுதார்.

நமது மூத்த மகன் அருப்புக்கோட்டை கடைவீதியில் பேரீச்சம்பழமும் அத்தரும் தொப்பியும் விற்கும் சிறு கடை வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்கள் பல தடை செய்யப்பட்டபின், பழத்தை எதில் போட்டுக் கொடுப்பது என்ற கவலை அவருக்கு இருந்தது. பரணிலிருந்த பெட்டிகள் கண்ணில் பட்டன. "மாமி, நோன்புக்கு இதுலே பேரீச்சம்பழம் வச்சுக் குடுக்கட்டுமா?" என்று அத்தையிடம் கேட்டார். அவர் தலையசைத்தார்.

அந்த ரமளானில் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். சிறுதொழில் செய்வோருக்குப் பயன்படும். பெரிய விளம்பரத்துக்குக் கையில் பணமில்லை. பெட்டியே விளம்பரமாயிற்று. நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் பழம் அனுப்புவோர் பெட்டியில் வைத்து அனுப்பினர். பள்ளியில் அதைக் கண்டவர் மறுநாள் கடைக்கு வந்தனர். காலிப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தால் அடுத்த முறை பழத்துக்கு மட்டும் விலை என்று மகன் அறிவித்தார். பெட்டி திரும்பி வரும்போது வாடிக்கையாளரும் திரும்பி வந்தார். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் கோரையை நூலாக மெலிதாக்கிப் பட்டுப்போன்ற பாய் நெய்வதையும், மணமக்களின் பெயரைத் திருமணப் பாயில் நெய்து தருவதையும் பலரும் அறிவர். ஊரைத் தாண்டி அப்பாய் பெயர் பெற்றதற்கு நுட்பம் ஒரு காரணம்; வாங்குவோரின் பெயரையே பொருளில் இடம்பெறச் செய்தது இன்னொரு காரணம். அதைக் கேள்வியுற்ற நமது மருமகள், சாயமேற்றிய ஓலையால் பெட்டி மூடியில் முதலெழுத்தை முடையும் வழியைக் கண்டுபிடித்தார். மூதாட்டியும் அதைக் கற்றுக்கொண்டார்.

எல்லாவற்றிலும் பயன் தந்தது வேறொன்று. சாயமேற்றிய ஓலை வெயிலில் மங்கும். ஈரத்தில் வைத்தால் பூசணம் பூக்கும். இதைச் சொன்னால் வாங்குவார்களா என்று மகன் தயங்கினார். மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட அண்ணலார் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டதையும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்ததையும் அவருக்கு நினைவூட்டினோம். பெட்டிக்குள் ஒரு சிறு தாள் வைத்தார்: 'கையால் முடைந்தது. வெயிலில் நிறம் மங்கும். நனைந்தால் நிழலில் உலர்த்தவும்.' குறையைச் சொன்ன அந்தத் தாளைப் படித்துவிட்டு, "மற்றச் சரக்கிலும் இப்படித்தான் உண்மை சொல்வீர்களா தம்பி?" என்று கேட்டுப் பழத்தையும் சேர்த்து வாங்கியவர்கள் உண்டு. பரக்கத் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் அன்று கற்றார்.

வந்த வருவாயில் பாதியை மூதாட்டிக்கும், மீதியைச் சகோதரிக்கும் கொடுத்தோம். சகோதரி அதில் ஒரு பகுதியை எடுத்து, தந்தையில்லாத இரு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்குக் கொடுத்துவிட்டார். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. தம் மனைவியருள் நீண்ட கையுடையவரே தமக்குப் பின் முதலில் தம்மை வந்தடைவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். துணைவியர் தத்தம் கைகளை அளந்து பார்த்தனர். பின்னர் ஸைனப் (ரலி) அவர்கள் முதலில் மறைந்தபோதுதான், கை நீளம் என்றது ஈகையை என்று விளங்கிற்று. அவர்கள் தம் கையால் வேலை செய்து, அந்த வருவாயைத் தருமம் செய்தவர்கள்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை இனிதாக முடியும். ஆனால் நாம் எழுத வந்தது இதற்குப் பின் நடந்ததைத்தான்.

பெட்டிகள் விற்பதைக் கண்ட நமக்கும் ஆசை பிறந்தது. வெளியூர்ச் செல்வர் ஒருவர், தம் மகனின் நிக்காஹ் விருந்தினருக்கு இனிப்பு வைத்துக் கொடுக்க முன்னூறு பெட்டிகள் வேண்டும், மூடியில் மணமக்களின் முதலெழுத்து வேண்டும், நாற்பது நாளில் வேண்டும் என்றார். முன்பணமும் கொடுத்தார். நாமே முன்னின்று ஒப்புக்கொண்டோம். சகோதரியைக் கேட்கவில்லை, அவருக்கு நன்மையே செய்கிறோம் என்ற எண்ணம். ஒரு நாளைக்கு இத்தனை பெட்டி என்று மகன் கணக்கெழுதிச் சுவரில் ஒட்டினார். மாலையில் எண்ணிப் பார்ப்போம். குறைந்தால், "நாளைக்குச் சேர்த்து முடிச்சிடலாம்மா" என்போம். அது அன்புடன் சொன்ன சொல்தான். ஆயினும் எண்ணிக்கை எண்ணிக்கையே.

மூன்றாம் வாரம் ஓலையின் விளிம்பு அறுத்து அவர் விரல்களில் இரத்தம் கண்டது. இரவில் உறங்கவில்லை. ஒருநாள் ஃபஜ்ருக்கு எழுந்தபோது, அவர் கூடத்தில் அமர்ந்து, முடித்து வைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையில் நூல் உருவிய அதே கை, அதே பார்வை. சுற்றிலும் ஓலை குவிந்து கிடந்தது.

நாம் திகைத்து நின்றோம். நமது மருமகள்தான் வாய்திறந்தார். "மாமா, முன்னே ஸபுருன்னு சொல்லி மாமியோட வாயைக் கட்டினோம். இப்ப ஆர்டருன்னு சொல்லிக் கையைக் கட்டிட்டோம்" என்றார். வயதில் இளையவர், மார்க்கப் பாடம் நம்மிடமே ஓதியவர். அந்தச் சொல்லுக்கு மறுமொழி நம்மிடம் இல்லை. சுவரிலிருந்த கணக்குத் தாளை மகன் கிழித்தெடுத்தார்.

பிறகு நாம் சகோதரியின் அருகே தரையில் அமர்ந்தோம். இம்முறை ஸபுர் என்று சொல்லவில்லை. எதுவும் சொல்லத் தெரியாமல், பிரிந்துகிடந்த ஓலைகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தோம். நெடுநேரம் கழித்து அவரே சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கும் இவன் வயசுதானே அண்ணே. இவனுக்கு நடந்திருந்தா நான் எத்தனை பெட்டி முடைஞ்சிருப்பேன்."

முன்னூறு என்ற எண்ணை நாம் கண்டோம். அது ஒரு திருமணம் என்பதையும், அந்த மணமகனுக்கு இருபத்தாறு வயது என்பதையும், தம் மகன் இருந்திருந்தால் அவனுக்கும் இப்போது அதே வயது என்பதையும் அந்தத் தாய் கண்டார். ஒவ்வொரு மூடியிலும் ஒரு பிள்ளையின் முதலெழுத்தை முடையும்போது அவர் எதை முடைந்திருப்பார் என்பதை நாம் நினைத்தும் பார்க்கவில்லை. அன்று காலை அவர் மகனின் பெயரைச் சொல்லி அழுதார். அவன் சிறுவயதில் செய்த குறும்புகளைச் சொல்லி அழுதார். நாமும் அழுதோம். மூன்றாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய அழுகை அது.

முன்பணத்தோடு அந்தச் செல்வரின் வீட்டுக்குச் சென்றோம். காரணத்தை மறைக்காமல் சொன்னோம். அவர் சினந்து கொள்வார் என்று அஞ்சியிருந்தோம். அவருடைய துணைவியார் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் போலும். "முடிஞ்ச பெட்டி போதும், மிச்சத்துக்குத் துணிப்பை வாங்கிக்கிறோம். அந்தம்மாவை எங்க பிள்ளைக்குத் துஆச் செய்யச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். நாம் இதைச் சகோதரியிடம் சொன்னபோது, "செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். எஞ்சியிருந்த நூற்றுச் சொச்சம் பெட்டிகளைச் சகோதரி தாமே துடைத்து அடுக்கிக் கொடுத்தார்.

இந்த நிகழ்ச்சியிலிருந்து நமது குடும்பம் சில முறைகளை வகுத்துக்கொண்டது. எவ்வளவு முடைவது, எதற்காக முடைவது என்பதை முடைபவரே முடிவு செய்கிறார். கடையில் ஒரு சிறு பலகை வைத்திருக்கிறோம். அன்று கையிலுள்ள பெட்டிகளின் எண்ணிக்கையை அதில் மகன் எழுதுகிறார். சில நாள் பன்னிரண்டு, சில நாள் இரண்டு, சில நாள் ஒன்றுமில்லை. விற்பனை கெடும் என்று எண்ணினோம். நாள் தவறாமல் பலகையைப் பார்த்துச் செல்வோர் இருக்கிறார்கள். பெரிய தேவை வந்தால் மூதாட்டியின் ஊரிலுள்ள பெண்களிடம் பகிர்ந்து கொடுக்கிறோம். ஓலை அவர்களுடையது, நுட்பம் அவர்களுடையது. வருவாயும் அவர்களுக்குச் சேர வேண்டியதே. அஸருக்குப் பின் வீட்டார் அனைவரும் அரைமணி நேரம் ஒன்றாக அமர்ந்து ஓலை வார்கிறோம். அங்கு கணக்குப் பேசுவதில்லை. கைபேசியும் வருவதில்லை. பேரப்பிள்ளைகள் கிளியும் காற்றாடியும் முடைகிறார்கள். நாம் வாரும் ஓலை இன்றுவரை சீராக வருவதில்லை என்பதில் பிள்ளைகளுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

சிறுதொழில் தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் ஊரில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள் எது என்று பாருங்கள். அதை அறிந்த மூத்த கை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். குறையைச் சொல்லி விற்கத் தயங்காதீர்கள். நொந்த உள்ளத்தோடு இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எங்கு செல்வதென்று தெரியாதோர், இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் மருந்துக்கு மாற்றாக வேண்டாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன மார்க்கம் இது. அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆனால் அந்தக் கையின் வேலை காசாகத் தொடங்கும் நாளில் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். மருந்தாக வந்தது சுமையாக மாறுவது அந்த நாளில்தான். அல்லாஹ் வானத்தை உயர்த்தி மீஸானை அமைத்ததாகத் திருமறை கூறுகிறது. தராசு என்றால் கடையில் இருப்பது என்றே நாம் கருதுகிறோம். வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும்.

சகோதரி இன்று முழு நலம் பெற்றுவிட்டார் என்று சொல்ல மாட்டோம். மருந்து தொடர்கிறது. ரமளான் நெருங்கும்போதும், மகன் மறைந்த திங்களிலும் அவர் பேச்சு குறையும். அந்நாட்களில் கடைப் பலகையில் எண் இராது. ஆனால் முந்தானை நூல் உருவப்படுவதில்லை. முதன்முதல் முடைந்த கோணல் பெட்டி ஒன்று அவரிடம் உண்டு. அதை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. அதில் மகனின் தொழுகைத் தொப்பியை மடித்து வைத்திருக்கிறார்.

அல்லாஹ் அந்தப் பிள்ளையின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! நொந்த உள்ளங்களுக்கு மருந்தையும், அருகில் அமர்ந்து செவிகொடுக்கும் மனிதரையும் அருள்வானாக! ஆமீன்.